வலென்சியாவுக்குப் போன சைஸ் செட்

அவிநாசிக்காரன் ஐரோப்பா போகலாம் என்று சொன்ன அன்றே எனக்குப் பொறி தட்டியது. எச்சில் கையால் காக்கா ஓட்டாத ஆள் அவன். காலை நடை முடிந்து நாங்கள் மூன்று பேரும் டீ குடிக்கும் கடையில், காசு கொடுக்கும் நேரம் பார்த்து அவனுக்கு மட்டும் ஃபோன் வரும். அப்படிப்பட்டவன், "மாப்ள, ஸ்பெயின் பக்கம் ஒரு சுத்து சுத்தீட்டு வரலாமாடா? சிக்கனமாத்தான். கார வாடகைக்கு எடுத்து நாமளே ஓட்டிக்கலாம்" என்றான். அன்றைக்கு டீக்கும் அவனே கொடுத்தான். கடைக்காரரே ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார்.

மூவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். இவன் அவிநாசியில் கம்பெனி வைத்து, கைக்குழந்தைகளுக்கும் சின்னப்பிள்ளைகளுக்கும் மட்டும் துணி தைத்து ஏற்றுமதி செய்கிறான். இன்னொருவன் திருப்பூர் காதர்பேட்டையில் மொத்த பனியன் வியாபாரி. பேரம் பேசாமல் அவன் ஒரு கொத்து கறிவேப்பிலை வாங்கி நான் பார்த்ததில்லை. நான் வேலம்பாளையத்தில் நாலு நிட்டிங் மெஷினைக் கட்டிக்கொண்டு மாரடிப்பவன். எங்கள் துணி வருசா வருசம் கப்பலேறிப் போகும் ஊர்களை நாங்கள் மூவருமே கண்ணால் கண்டதில்லை. எல்லாம் வெளிநாட்டுக் கம்பெனிகளுக்காகச் சரக்கு வாங்கும் பையிங் ஆபீஸ்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

"ஸ்பெயின்ல எங்கெங்கடா?" என்று கேட்டேன்.

"பார்சிலோனாவுல எறங்கறோம். அப்புறம் வலென்சியா. அப்படியே கிரானடா, செவில்லுன்னு சுத்தீட்டு வந்தரலாம்."

மற்ற ஊர்களை எல்லாம் ராகம் போட்டுச் சொன்னவன் வலென்சியாவை மட்டும் மென்று முழுங்கினான். காதர்பேட்டைக்காரன் என்னைப் பார்த்தான். நான் டீ கிளாஸைப் பார்த்தேன். அந்த வலென்சியாவில்தான் அவனுடைய ஒரே மகள் இருக்கிறாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவளோடு அவன் ஒரு வார்த்தை பேசியதில்லை.

அவள் கட்டிக்கொண்டது இவன் கம்பெனியில், தைத்த துணியில் குறை பார்க்கிற செக்கிங் வேலை பார்த்த ஒரு அம்மாவின் பையனை. தெற்கே இருந்து பிழைக்க வந்த குடும்பம். பையன் நன்றாகப் படித்தவன், கம்ப்யூட்டர் வேலை. அதெல்லாம் யாருக்கு வேண்டும்? அவர்கள் வேற ஆளுங்க, நாங்கள் வேற ஆளுங்க. இவன் சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து தூபம் போட்டார்கள். ரிஜிஸ்டர் கல்யாணம் முடித்து இரண்டு பேரும் வாசலில் வந்து நின்றபோது, இவன் ஹாலில் உட்கார்ந்து ஃபோனை நோண்டிக்கொண்டே இருந்தான். எங்கள் பக்கம் பகையாளியே படியேறினாலும் 'வாங்க' என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுவோம். பெற்ற மகளுக்கு அந்த வார்த்தை கிடைக்கவில்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார்கள். மறுநாளே அந்த அம்மாவையும் வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டான். அப்போது நான் அவனைத் திட்டிய திட்டில் இரண்டு மாதம் அவன் நடக்கவே வரவில்லை.

அப்புறம் பையனுக்கு ஸ்பெயினில் வேலை கிடைத்தது, போய்விட்டார்கள். குழந்தையும் பிறந்தது. பெண் குழந்தை. இவன் மனைவிக்குத் தெரியும், அவர் சொல்லி என் மனைவிக்குத் தெரியும், என் மனைவி சொல்லி எனக்கும் தெரியும். விவரம் தெரியாதவன் இவன் ஒருவன்தான். பேத்தி பிறந்திருக்கிறது என்பது மட்டும் காதில் விழுந்திருக்கும். அதற்கு மேல் என்ன, எப்போது என்று கேட்க இவனுக்கு வாய் வரவில்லை. இவன் மனைவியும் லேசுப்பட்டவர் இல்லை. கிளம்புவதற்கு முன்னால் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"அண்ணா, அட்ரஸ் உங்க ஃபோனுக்கு அனுப்பியிருக்கறனுங்க. அவரு போவாரோ மாட்டாரோ தெரீலீங்க. என்னையும் வரச் சொன்னாருங்க, நான்தான் மாட்டேன்னுட்டேன். நான் கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போனா அது நான் போனதாத்தானுங்க ஆகும். அவரு கால்ல அவரே நடந்து போகட்டுங்க."

இதுதான் எங்கள் பயணத்தின் கதை. ஊர் சுற்றிப் பார்ப்பது என்பதெல்லாம் வாய்ப்பேச்சு. இந்த ஆள் அந்தக் கதவைத் தட்டுவானா மாட்டானா என்பதுதான் விஷயம். அதை மூன்று பேரும் தெரிந்து வைத்துக்கொண்டு, மூன்று பேரும் அதைப் பற்றிப் பேசாமல், சிக்கன விமான டிக்கெட்டைத் தேடிக்கொண்டிருந்தோம்.

ஆளுக்கு ஒரு சின்னப் பெட்டிதான் என்று முதலிலேயே கறாராகப் பேசி வைத்திருந்தேன். விமான நிலையத்துக்கு அவிநாசிக்காரன் சின்னப் பெட்டியோடு இன்னொரு பெரிய பெட்டியையும் இழுத்துக்கொண்டு வந்தான். எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"என்றா இது? குடித்தனம் போறயா?"

"சாம்பிள்டா" என்றான்.

நம்பாமல் திறந்து பார்த்தேன். உள்ளே குழந்தைத் துணிகள். ஒவ்வொன்றும் தனித்தனி பாலித்தீன் கவரில், மேலே சைஸ் ஸ்டிக்கர் ஒட்டி, சின்னதிலிருந்து பெரியது வரை வரிசையாக அடுக்கியிருந்தான். பிறந்த குழந்தைக்கு ஆகிற உள்ளங்கை அகலச் சட்டையில் தொடங்கி, பத்து வயதுப் பிள்ளை போடுகிற கவுன் வரைக்கும் இருந்தது. பார்த்ததும் தெரிந்துவிட்டது. சைஸ் செட். பையர், அதாவது வாங்குகிற வெளிநாட்டுக்காரன், ஒரு டிசைனை ஒத்துக்கொண்டால், மொத்த ஆர்டரைத் தைப்பதற்கு முன்னால் எல்லா சைஸிலும் ஒவ்வொரு பீஸ் தைத்து அவர்களுக்கு அனுப்ப வேண்டும். திருப்பூரில் நாய்க்குட்டிக்குக்கூட அது தெரியும். ஊர் சுற்றக் கூட்டிக்கொண்டு போவதுபோல் போய், இடையில் எவனோ ஒரு பையரைப் பார்த்து ஆர்டர் பிடிக்கப் போகிறான், திருட்டுப்பயல் என்று நினைத்தேன். அந்தப் பெட்டிக்கான கூடுதல் கட்டணத்தை அவனையே கட்ட வைத்தேன்.

பார்சிலோனாவில் இருப்பதிலேயே சின்னக் காராகப் பார்த்து எடுத்தோம். டிக்கியில் மூன்று சின்னப் பெட்டிகளும் ரைஸ் குக்கரும் வைத்ததும் இடம் முடிந்துவிட்டது. பெரிய பெட்டி என் பக்கத்து சீட்டில். வளைவில் திரும்பும்போதெல்லாம் என் மேல் வந்து சாய்ந்தது. காதர்பேட்டைக்காரன்தான் ஓட்டினான். அங்கே வலப்பக்கம்தான் ஓட்ட வேண்டும். "எல்லாரும் ராங் சைடுல வர்றானுக பாரு" என்று முதல் நாள் முழுக்க ஊராரைத் திட்டிக்கொண்டே ஓட்டினான். ஒரு ரவுண்டானாவில் வெளியேறும் வழி தெரியாமல் கோயிலைச் சுற்றுவதுபோல் சுற்றினோம். ஸ்கூட்டரில் போன ஒரு கிழவி எங்களைப் பார்த்துக் கும்பிடு போட்டாள்.

தங்கியது மாணவர்கள் தங்குகிற விடுதியில். ஒரே அறையில் அடுக்குக் கட்டில்கள். முதுகில் பை மாட்டிக்கொண்டு ஊர் சுற்றும் வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு நடுவே லுங்கியும் கை பனியனுமாக நாங்கள் மூன்று ஐம்பது வயசுக்காரர்கள். விடுதிச் சமையலறையில் ரைஸ் குக்கரைப் போட்டதும் அந்த மாடிக்கே கரண்ட் போய்விட்டது. பொறுப்பாளர் பெண் ஓடி வந்தாள். காதர்பேட்டைக்காரன் அவளிடம் இந்தியில் மன்னிப்புக் கேட்டான். ஏன் இந்தியில் என்றால், "தெரியாத ஊர்ல தெரிஞ்ச அயலூர்ப் பேச்சு அதுதான்டா" என்றான். பருப்புப் பொடி போட்டுப் பிசைந்த சாதத்தில் அவளுக்கும் ஒரு வாய் கொடுத்தோம். காரம் தாங்காமல் சிரித்துக்கொண்டே போனாள்.

பார்சிலோனாவில் பெரிய தேவாலயம் பார்த்தோம், கடற்கரை பார்த்தோம். ஆனால் உண்மையைச் சொன்னால் அதிக நேரம் பார்த்தது துணிக்கடைகளைத்தான். எங்கள் ஆட்களைத் துணிக்கடைக்குள் விட்டால் எந்தச் சட்டையையும் முன்பக்கம் பார்க்கத் தெரியாது. கை தானாக உள்பக்கத்தைத் திருப்பும். தையலை நகத்தால் கீறிப் பார்க்கும், கழுத்துப் பட்டியை இழுத்துவிடும், துணியை இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்துக் கனம் சொல்லும். ஒரு கடையில் நாங்கள் மூவரும் வரிசையாகச் சட்டைகளைத் திருப்பிப் போட்டுக்கொண்டே போக, காவலாள் பின்னாலேயே வந்து ஒவ்வொன்றாக மடித்து வைத்தான். கடைசியில் வாசலைக் கையால் காட்டினான்.

அங்கேயெல்லாம் அவிநாசிக்காரன் நன்றாகத்தான் இருந்தான். வலென்சியாவுக்குள் கார் நுழைந்ததும் முகத்தில் ஈயாடவில்லை. தெருவெல்லாம் ஆரஞ்சு மரம். காசில்லாமல் கிடைக்கிறதே என்று காதர்பேட்டைக்காரன் ஒன்றைப் பறித்து உரித்து வாயில் போட்டான். நார்த்தங்காய்போலக் கசந்தது. "ஊறுகாய்க்குத்தான் ஆகும்" என்று துப்பினான். வேறு நாளாயிருந்தால் அவிநாசிக்காரன் விழுந்து விழுந்து சிரித்திருப்பான். அன்றைக்கு எதிரே இருந்த மாடி வீடுகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அட்ரஸ் என்கிட்ட இருக்குது. நடந்தே போயரலாம். பக்கந்தான்" என்றேன்.

"மொதல்ல கிரானடா பாத்துட்டு வந்தரலாம்டா. திரும்பி வர்றப்பப் பாத்துக்கலாம்" என்றான்.

எனக்குப் பொறுமை போய்விட்டது. "கிரானடாவுல உனக்கு யார்றா இருக்கறா? இந்தப் பெட்டிகூட நான் குடும்பம் நடத்தீட்டு வந்தது எதுக்கு? உம்பட பையரப் பாக்கறதுக்கா? புள்ளையப் பாக்கத் துப்பில்லீன்னா அத ஊர்லயே சொல்லித் தொலைக்கறதுதான?" நடுத்தெருவில் கத்தினேன். போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவன் கோபப்படவில்லை. "அவ வாசல்ல நின்னப்ப நான் வான்னு கேக்கலடா. இப்ப நான் போய் நின்னு, அவளும் கேக்காம உட்டுட்டா? உள்ளுக்குள்ள செத்துப் போயிருவன்டா" என்றான்.

அவன் பயந்தது நியாயம்தான். எனக்கே அந்த இடத்தில் கால் வந்திருக்காது. காதர்பேட்டைக்காரன் வண்டியை எடுத்தான். தெற்கே போகிற சாலையில் ஒரு பக்கம் ஆரஞ்சுத் தோட்டம், இன்னொரு பக்கம் அவ்வப்போது கடல். யாரும் பார்க்கவில்லை. பெட்டி என் தோளில் சாய்ந்தபோது நான் தள்ளிவிடவும் இல்லை.

முர்சியா என்ற ஊரில் சாப்பிட நிறுத்தினோம். சாப்பிட்டுவிட்டு நடக்கும்போது ஒரு குழந்தைத் துணிக்கடை. அவிநாசிக்காரன் உள்ளே போனான். பழக்கதோஷம், போகட்டும் என்று நாங்களும் பின்னால் போனோம். மஞ்சள் நிறத்தில் ஒரு கவுன். அவன் அதை எடுத்தான். அதிசயமாக உள்பக்கத்தைத் திருப்பவில்லை. முன்பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். கடைப்பெண் சிரித்த முகமாக வந்து ஏதோ கேட்டாள். புரியவில்லை என்று கையை விரித்து, "தமிழ், தமிழ்" என்றான். அவள் தன் ஃபோனில் பேசி, அதைத் தமிழில் மாற்றி அவன் முன்னால் நீட்டினாள்.

"குழந்தைக்கு என்ன வயது?"

ஃபோனில் இருந்து வந்த பெண்குரல் எந்த உணர்ச்சியும் இல்லாமல் அதைக் கேட்டது. அவன் வாயைத் திறந்தான், மூடினான். கடைப்பெண் உதவி செய்வதாக நினைத்து, முழங்கால் உயரம், இடுப்பு உயரம் என்று கையை வைத்து வைத்துக் காட்டினாள். இவ்வளவா, இவ்வளவா? அவள் கை ஏறுகிற இடமெல்லாம் அவன் கண் ஏறியது. இருபது வருசமாக உலகத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் அளவெடுத்துத் தைத்தவன், தன் பேத்தி எத்தனை உயரம் என்று தெரியாமல் அங்கே நின்றான்.

அப்போதுதான் என் மரமண்டைக்கு உறைத்தது. எந்தப் பையரும் இல்லை. அந்தப் பெட்டி முழுக்க இருந்தது பேத்திக்கான துணி. வயது தெரியாது, கேட்கவும் வாய் வராது. அதனால் எந்த வயதாக இருந்தாலும் ஆகட்டும் என்று கம்பெனியில் உட்கார்ந்து ஒரு சைஸ் செட்டே தைத்துவிட்டான். டெய்லர்களிடம் புது ஆர்டர் என்று சொல்லியிருப்பான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நானே சொல்லியிருப்பேன், மடையன்.

"மாப்ள, அவளுக்கு ஒரு வயசு..." என்று ஆரம்பித்தேன்.

"சொல்லாதடா" என்று கையைப் பிடித்தான். "நீ சொல்லித் தெரிய வேண்டாம். நானே போய்ப் பாத்துக்கறேன். வண்டியத் திருப்பச் சொல்லு."

திரும்பி வரும் வழியில் நான் ஒரு ஃபோன் செய்துவிடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றான். "அவ வர வேண்டாம்னு சொல்லீட்டான்னா?" என்றான். மூன்றாவது தடவை அதையே சொன்னபோது காதர்பேட்டைக்காரன், "அப்படிச் சொன்னா நான் பேசி முடிக்கறன்டா. எந்த வெலைக்கும் படியாத ஆளயெல்லாம் படிய வெச்சிருக்கறேன்" என்றான்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வெயில் இறங்கியிருந்தது. மூன்றாவது மாடி. லிஃப்ட் இல்லை. பெட்டியை நானும் காதர்பேட்டைக்காரனும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு பின்னால் ஏறினோம். முன்னால் அவன். கதவின் முன்னே நின்று சட்டையை இழுத்துவிட்டான், தலையைக் கோதினான், மணியை அழுத்தாமல் நின்றான். நான் அழுத்தலாமா என்று நினைத்தேன். அவர் கால்ல அவரே நடந்து போகட்டுங்க என்று அவன் மனைவி சொன்னதை நினைத்துக்கொண்டு கையைக் கட்டிக்கொண்டேன். கடைசியில் அழுத்தினான்.

கதவைத் திறந்தது மருமகன். ஒரு கையில் தோசைக் கரண்டி. எங்களைப் பார்த்து ஒரு கணம் அப்படியே நின்றான். அப்புறம் கதவை முழுசாகத் திறந்து ஒதுங்கி நின்று சொன்னான்.

"வாங்க மாமா. உள்ள வாங்க."

அவிநாசிக்காரன் படியைத் தாண்டவில்லை. தலை குனிந்திருந்தது. "அம்மா நல்லா இருக்காங்களா?" என்று கேட்டான். மருமகனிடம் அவன் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"இருக்காங்க மாமா. இப்ப வேற கம்பெனில செக்கிங் பாக்காங்க."

"நான் அவங்களுக்குப் பண்ணுனது பெரிய தப்புங்க. ஊருக்குப் போனதும் நானே நேர்ல போய்ச் சொல்றேன்" என்றான். மருமகன் அவன் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனான்.

மகள் உள்ளறையிலிருந்து குழந்தையோடு வந்தாள். எங்களைப் பார்த்து, "வாங்க மாமா" என்றாள். அப்பாவைப் பார்த்தாள். இரண்டு பேரும் அப்படியே நிற்க, குழந்தை அவள் இடுப்பிலிருந்து நழுவி இறங்கித் தத்தித் தத்தி நடந்து வந்து, பெட்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றது. அவன் மண்டியிட்டு உட்கார்ந்தான். என்ன செய்வதென்று தெரியாமல், இந்த ஜன்மத்தில் அவனுக்குத் தெரிந்த ஒன்றைச் செய்தான். குழந்தை போட்டிருந்த சட்டையின் விளிம்பைத் திருப்பி உள்தையலைப் பார்த்தான்.

"லேபிள வெட்டீட்டனுங்கப்பா" என்றாள் மகள். "குத்தும்னு எனக்கும் சின்ன வயசுல நீங்கதான வெட்டி உடுவீங்க."

அப்புறம் குனிந்து குழந்தையிடம், "யாரு பாரு கண்ணு. அப்புச்சி, அம்மாவோட அப்பா" என்றாள். அதோடு அவன் உடைந்துவிட்டான். ஐம்பது வயசு ஆண்பிள்ளை, தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதான். மகள் பக்கத்தில் உட்கார்ந்து அவன் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். காதர்பேட்டைக்காரன் சன்னல் பக்கம் போய் நின்றுகொண்டான். நான் எங்கேயும் போகவில்லை, நின்ற இடத்திலேயே அழுதேன்.

தோசை சாப்பிட்டோம். மருமகன் சுட்டுச் சுட்டுப் போட்டான். சாப்பிட்ட பிறகு அவிநாசிக்காரன் பெட்டியைத் திறந்து எல்லாவற்றையும் சோபாவின் மேல் அடுக்கினான். மகள் தொழில்காரன் வீட்டுப் பெண், பார்த்ததும் புரிந்துகொண்டாள். பிறந்த குழந்தைக்கான சட்டையைக் கவரிலிருந்து எடுத்து உள்ளங்கையில் விரித்துப் பார்த்தாள். "இத்தினியூண்டுதானுங்கப்பா இருந்தா" என்றாள். அடுத்ததை எடுத்தாள், அதற்கடுத்ததை எடுத்தாள். எல்லாம் பேத்திக்குச் சின்னதாகிப் போனவை. அவற்றை மடித்துத் தன் மடியிலேயே வைத்துக்கொண்டாள். இப்போது சரியாக இருக்கும் சைஸை எடுத்துக் குழந்தைக்குப் போட்டுவிட்டாள். தோள் தையல் தோளிலேயே உட்கார்ந்தது. வலென்சியாவுக்குள் வந்ததிலிருந்து இவன் முகத்தில் அப்போதுதான் சிரிப்பைப் பார்த்தேன்.

மிச்சமிருந்த பெரிய சைஸ்கள் எல்லாவற்றையும் ஒழுங்காக அடுக்கி, திரும்பப் பெட்டிக்குள் வைத்து, அவன் பக்கமாகத் தள்ளினாள்.

"இதெல்லாம் நீங்களே கொண்டு போயிருங்கப்பா."

அவன் முகம் மாறிவிட்டது. "ஏன் கண்ணு? துணி நல்ல துணி. நூல் எங்கம்பெனியிலேயே ஒசந்தது. சாயம் போகாது, சுருங்காது. நானே நின்னு பாத்துத் தெச்சேன்" என்றான். சரக்கைத் திருப்பி அனுப்பிய பையரிடம் மன்றாடுவதுபோல் மன்றாடினான்.

"துணிக்கு என்னுங்கப்பா" என்றாள். "பத்து வயசு வரைக்கும் வேணுங்கறத எல்லாம் ஒரே தடவையில குடுத்துட்டுப் போயிட்டா, அப்புறம் நீங்க எதுக்கு வருவீங்க?"

அவன் அந்தப் பெட்டியைப் பார்த்தான். ஒரு தடவைக்கு மேல் இந்த வாசலுக்கு வர முடியாது என்றுதான் அத்தனையும் தைத்திருக்கிறான் என்பது அவள் சொல்லித்தான் அவனுக்கே தெரிந்தது போலிருந்தது. புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"அடுத்த சைஸு எப்பக் கண்ணு ஆகும்?" என்று கேட்டான்.

"தீவாளிக்கு ஆயிருமுங்கப்பா."

"உங்கம்மாவயும் கூட்டிட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டு அவன் பெட்டியை மூடினான்.